எஞ்சின் ஓடுகிறது, எரிபொருள் வருகிறதா?

பழைய வெஸ்பா, லாம்பிரெட்டா ஸ்கூட்டர்களை ஓட்டியவர்கள் நம் பங்குகளில் இன்னும் பலர் இருக்கிறார்கள். இரவில் வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடிவிட்டுச் செல்வது அவர்களுடைய வழக்கம். மறுநாள் காலையில் அதைத் திறக்க மறந்துவிட்டு உதைத்தால் வண்டி கிளம்பாது என்றுதான் ஓட்டிப் பழகாதவர்கள் நினைப்பார்கள். உண்மை அதுவன்று. வண்டி ஒரே உதையில் கிளம்பும். நல்ல பிள்ளையாக வீட்டு வாசலைத் தாண்டும், தெருவைக் கடக்கும், பாரதியார் சாலையில் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே வந்து சேர்ந்த பிறகு இருமி, விக்கி, நின்றுவிடும். கார்புரேட்டர்க் கிண்ணத்திலும் குழாயிலும் தங்கியிருந்த சிறிதளவு பெட்ரோல்தான் அதுவரை அதை இழுத்து வந்தது. அது தீர்ந்தது, வண்டி நின்றது. பின்னால் வருபவர் இரண்டு வார்த்தை திட்டுவார். இறங்கிக் குழாயைத் திறந்தால் வேலை முடிந்தது.

ஓரிருவர் அமர்ந்து பறக்கும் சிறு விமானங்களிலும் இத்தகைய குழாய்த் திருகு ஒன்று உண்டு. அதனைச் செலக்டர் என்கிறார்கள். எந்த டாங்கியிலிருந்து எரிபொருள் வரவேண்டும் என்று தேர்ந்தெடுப்பது அதன் வேலை. அது மூடியிருந்தாலும் எஞ்சின் கிளம்பும். விமானம் தரையில் நகரும். ஓடுபாதையின் தொடக்கத்துக்கும் வந்து சேரும். அது நிற்பதற்குத் தேர்ந்தெடுக்கும் இடந்தான் வேறு.

காரைக்காலில் விமான நிலையம் இல்லை. வரும் என்ற பேச்சு பல ஆண்டுகள் அடிபட்டதோடு சரி. கடலையும் நெல்வயலையும் பார்த்து வளர்ந்த இவ்வூரில் விமானத்தின் எரிபொருள் குழாயைப் பற்றி எழுத ஒருவன் முன்வந்தால் வாசகர்கள் வியப்படைவது இயல்பே. என் மகள் விமானியாவதற்குப் பயிற்சி பெற்று வருகிறாள். வணிக விமானி உரிமம் பெற நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் ஏறத்தாழப் பாதியை அவள் முடித்திருந்த நிலையில், 2025-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போக வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு அவளுக்காக வீட்டில் காத்திருந்தது. வழக்குத் தொடுத்தவள் என் மனைவி.

காரணம் எல்லாரும் அறிந்ததே. அவ்வாண்டு ஜூன் 12-ஆம் நாள் அகமதாபாத்தில் இலண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம், எழும்பிய அரை நிமிடத்தில் மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடங்களின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் மாண்டனர். அடுத்த மாதம் வெளியான முதற்கட்ட விசாரணை அறிக்கை ஒரு செய்தியைச் சொன்னது. விமானம் தரையை விட்ட சில விநாடிகளில், இரண்டு எஞ்சின்களுக்கும் எரிபொருளைத் திறந்து மூடும் ஸ்விட்சுகள் ஒரு விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக மூடிய நிலைக்குச் சென்றன. சுமார் பத்து விநாடி கழித்து ஒன்றும், மேலும் நான்கு விநாடியில் மற்றொன்றும் மீண்டும் திறந்த நிலைக்கு வந்தன. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவை ஏன் மூடின என்பதை அந்த அறிக்கை தீர்மானிக்கவில்லை. நம் தேநீர்க் கடைகளோ அன்று மாலையே தீர்மானித்துவிட்டன! இறந்தவர்கள் வந்து மறுமொழி சொல்ல இயலாது என்ற துணிவில் நாம் எத்தனை தீர்ப்புகளை வழங்கிவிடுகிறோம்.

அது நானூறு குதிரை வண்டிகள் கூடினாலும் ஈடாகாத பெரிய ஜெட் விமானம். என் மகள் பழகுவதோ நம் ஊர் அம்பாசிடர் காரைவிட எடை குறைந்தது. இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது என்று நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். தாய் மனம் எடை போட்டுப் பார்ப்பதில்லை. "எண்ணெய் நின்றால் இஞ்சின் நிற்கும். சின்னதானால் என்ன, பெரியதானால் என்ன?" என்றாள். இயற்பியல் ஆசிரியனாக முப்பது ஆண்டுகள் கழித்த எனக்கு அதை மறுக்க வழியில்லை.

மகள் தன் பையிலிருந்து, ஓரங்கள் தேய்ந்த ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டியவற்றின் பட்டியல் அது. "அம்மா, இதில் எண்ணெய் எத்தனை இடத்தில் வருகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்" என்றாள். விமானத்தைச் சுற்றிவரும்போது, ஏறி அமர்ந்தவுடன், எஞ்சினைக் கிளப்பும் முன், ஓடுபாதைக்கு வெளியே எஞ்சினைச் சோதிக்கும்போது, முழு விசை கொடுத்து ஓடத் தொடங்கியபின் என்று அது ஐந்து இடங்களில் வந்தது.

ஒரே பொருளை எதற்கு ஐந்து முறை பார்க்கவேண்டும்? இதற்கு விடை காண ஒரு சிறு கணக்குப் போட்டேன். செலக்டர் மூடியிருக்கிறது, குழாயிலும் கிண்ணத்திலும் கால் லிட்டர் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரையில் மெல்ல ஓடும் எஞ்சின் மணிக்குச் சுமார் 6 லிட்டர் குடித்தால் அந்தக் கால் லிட்டர் இரண்டரை நிமிடம் தாங்கும். விமானி நிம்மதியாக நகர்ந்து வருகிறார். எஞ்சின் பூனைபோல் சீராக உறுமுகிறது. இப்போது முழு விசை. அதே எஞ்சின் மணிக்கு 50 லிட்டர் கேட்கிறது. கால் லிட்டர் முழுமையாக மிஞ்சியிருந்தால்கூடப் பதினெட்டு விநாடிதான். சிறு விமானம் ஓடுபாதையில் ஓடி எழும்புவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரமே பிடிக்கிறது. அதாவது, சக்கரம் தரையை விடும் வேளையும் கிண்ணம் வறளும் வேளையும் ஏறக்குறைய ஒன்று. விமானத்துக்கு விமானம் அளவுகள் மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதே எரிபொருள் வருகிறது என்பதற்குச் சான்று ஆகாது. பழைய இருப்பைத் தின்றுகொண்டும் அது ஓடலாம்.

எழும்பிய சில நூறு அடி உயரத்தில் ஒற்றை எஞ்சின் நின்றுவிட்டால் திரும்பி ஓடுபாதைக்கு வர முயலக்கூடாது என்பது பயிற்சியின் முதற்பாடங்களில் ஒன்றாம். திரும்பும் வளைவில் வேகமும் உயரமும் இரண்டுமே போய்விடும். எதிரே கிடைக்கும் இடத்தில், வயலோ சாலையோ, நேராக இறங்கவேண்டியதுதான். ஆகவேதான் இந்த ஐயத்தைத் தரையிலேயே தீர்த்துக்கொள்ள இவ்வளவு பாடுபடுகிறார்கள்.

இந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்த என் மைத்துனர் உரக்கச் சிரித்தார். அரசலாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய நம் மீன்பிடித் துறைமுகத்தில் படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பது அவருடைய தொழில். "அத்தான், இதற்கு விமானம் எதற்கு? நம்ம முகத்துவாரமே போதும்" என்றார். கரையில் கட்டிக் கிடக்கும் படகின் டீசல் குழாயை யாரோ மூடியிருப்பார்கள். விடியற்காலை அவசரத்தில் எஞ்சினைச் சுழற்றினால் கிளம்பிவிடும். ஆற்றுக்குள் மெதுவாகப் போகிறவரை ஒரு குறையும் தெரியாது. முகத்துவாரத்தில் ஆற்றோட்டமும் கடலலையும் மோதிக்கொள்ளும் இடத்தில் அலையைக் கிழிக்க முழு விசை கொடுப்பார்கள். அங்கேதான் நிற்கும். எஞ்சின் நின்ற படகு பக்கவாட்டில் திரும்பும். அடுத்த அலை அதைப் புரட்டும். டீசல் எஞ்சினுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. குழாய் வறண்டு காற்றுப் பிடித்துக்கொண்டால், திருகைத் திறந்தவுடன் கிளம்பிவிடாது. காற்றை வெளியேற்றிய பிறகுதான் உயிர் வரும். அலைக்கு நடுவில் அதற்கு ஏது நேரம்?

"கரையில் நிற்கும்போதே ஒரு நிமிஷம் நன்றாக முறுக்கிப் பார் என்று தலையால் அடித்துக்கொள்வேன், கேட்கமாட்டார்கள்" என்றார். மருமகள் வியந்துபோனாள். அவளுக்குக் கற்றுத் தந்திருப்பதும் அதுவே. எந்த டாங்கியில் எழும்பப் போகிறோமோ, அந்த டாங்கியிலேயே எஞ்சினை விசையேற்றிச் சோதிக்கவேண்டும். சோதித்த பிறகு செலக்டரைத் தொடக்கூடாது. நல்லெண்ணத்தோடு கடைசி நிமிடத்தில் 'நிறைந்த டாங்கிக்கு மாற்றிக்கொள்வோம்' என்று திருப்புகிறவர், சோதித்த குழாயை விட்டுவிட்டுச் சோதிக்காத குழாயை நம்பிப் புறப்படுகிறார்.

இறக்கை மேலே இருக்கும் செஸ்னா வகை விமானங்கள் பலவற்றில் செலக்டருக்கு இடது, வலது, இரண்டும், மூடல் என நான்கு நிலைகள். எரிபொருள் தன் எடையாலேயே கீழே இறங்கிவிடும். இறக்கை கீழே இருக்கும் பைப்பர் வகையில் பெரும்பாலும் 'இரண்டும்' என்ற நிலை இல்லை. இடதோ வலதோ ஒன்றுதான். எரிபொருளை மேலேற்றப் பம்பு வேண்டும். எஞ்சினால் ஓடும் பம்பு நின்றுபோனால் உதவுவதற்காக, எழும்பும்போதும் இறங்கும்போதும் மின்பம்பையும் ஓடவிடுவார்கள். இத்தகைய விமானத்தில் ஒரு டாங்கி வறண்டு, மறு டாங்கி நிறைந்திருக்கும்போதே எஞ்சின் நின்று இறங்கியவர்கள் உலகெங்கும் உண்டு. வீட்டில் அரிசி இருக்கப் பட்டினி கிடந்த கதைதான்.

இனி, மனைவியைத் திகைக்க வைத்த செய்திக்கு வருகிறேன். அவ்வாண்டு மழைக்காலத்தில் ஒருநாள், பராமரிப்பு முடிந்து வந்த விமானத்தில் மகள் ஏறி அமர்ந்தாள். செலக்டரின் முள் 'இரண்டும்' என்ற எழுத்தை நோக்கியே இருந்தது. பட்டியலில் 'பார்' என்று மட்டும் இருந்திருந்தால் அவள் அடுத்த வரிக்குப் போயிருப்பாள். ஆனால் அவளுடைய பயிற்றுநர் கண்டிப்பானவர். கையால் பிடித்து, ஒவ்வொரு நிலைக்கும் திருப்பி, மீண்டும் கொண்டுவந்து நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பார். ஒவ்வொரு நிலையிலும் கைப்பிடி ஒரு சிறு பள்ளத்தில் 'டக்' என்று அமரும். அன்று மற்ற நிலைகளில் அமர்ந்தது. இந்த நிலையில் அமரவில்லை. பள்ளத்தில் அமராத செலக்டர் பாதி திறந்தும் பாதி மூடியும் இருக்கக்கூடும். மெல்ல ஓடப் போதுமான எரிபொருள் வரும், முழு விசைக்குப் போதாது. பயிற்றுநரை அழைத்தாள். அவரும் திருப்பிப் பார்த்தார். விமானம் மீண்டும் பணிமனைக்குத் தள்ளிச் செல்லப்பட்டது. அன்றைய பறப்பு போயிற்று.

இதைக் கேட்டதும் என் மனைவி அட்டையைத் தள்ளி வைத்துவிட்டாள். "பார்த்தாலும் பொய் சொல்கிறதே! இதை நம்பியா பெற்ற பிள்ளையை அனுப்புவது?" என்று கேட்டாள்.

"அக்கா, நீ தலைகீழாகப் பார்க்கிறாய். கண்ணுக்குத் தப்பியது கையில் மாட்டிக்கொண்டது. என் பட்டறைக்கு வருகிற பையன்களில் ஒருத்தனாவது இப்படித் தொட்டுப் பார்த்தால் நான் கோயிலுக்கு மெழுகுவத்தி ஏற்றுவேன்" என்றார் மைத்துனர். அக்காளும் தம்பியும் அன்றிரவு முடிவுக்கு வரவில்லை. எனக்கு இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே பட்டது. பொறி பொய் சொல்லும் என்பது மெய். அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கும் வழி பிள்ளையின் கையில் இருக்கிறது என்பதும் மெய்.

செலக்டர் இருக்கும் இடமே ஒருவருடைய உயிரைக் குடித்ததுண்டு. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12-ஆம் நாள் கலிபோர்னியக் கடலோரத்தில் தம் சிறு விமானத்தோடு விழுந்து இறந்தார். வயது 53. அந்த விமானம் அவர் புதிதாக வாங்கியது; ஒருவர் வீட்டில் கட்டியது. வடிவமைத்தவரின் வரைபடத்தில் செலக்டர் விமானியின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவரோ எரிபொருள் குழாய் விமானியின் அறைக்குள் வரக்கூடாதென்று எண்ணி, அதனை இடது தோளுக்குப் பின்புறம் கொண்டுபோய் வைத்தார். எந்த நிலை எந்த டாங்கிக்கு உரியது என்ற குறியும் அதில் இல்லை. புறப்படும் முன்னரே கை எட்டவில்லை என்பது தெரிந்திருந்தது. பிடிகுறடு ஒன்றைப் பொருத்திக் கைப்பிடியை நீட்ட முயன்றார்கள், பயன்படவில்லை. பின்னாலிருந்த எரிபொருள் அளவைப் பார்க்க, பராமரிப்பாளர் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்தார். எரிபொருள் நிரப்பிக்கொள்ளவா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டுப் புறப்பட்டார். வானில் அந்தத் திருகை எட்டிப் பிடிக்க உடலைத் திருப்பியபோது, அறியாமலே வலது கால் மிதியை அழுத்த, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பது விசாரணையின் முடிவு. கட்டியவருக்கும் தீய எண்ணமில்லை; எரிபொருள் விமானியின் அருகே வரக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்.

பட்டியல் வைத்துக்கொண்டு சரிபார்க்கும் பழக்கமும் ஒரு விபத்தின் பின்னரே வேரூன்றியது. 1935 அக்டோபர் 30-இல் போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு எஞ்சின் விமானம் ஓஹையோ மாநிலத்தில் சோதனைக்காக எழும்பி உடனே விழுந்தது. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாதபடி வால்பகுதிக்குப் போட்டிருந்த பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்கள். ஓட்டியவர் தேர்ந்த படைவிமானி. அவரும் உடனிருந்த மற்றொருவரும் உயிரிழந்தனர். அனுபவசாலிக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து என்ன பயன் என்று எண்ணிய படையினர், ஞாபகத்தை நம்பாமல் அட்டையை நம்பத் தொடங்கினர். நம் மடங்களிலும் இல்லங்களிலும் செபப் புத்தகத்தை மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் கையில் விரித்து வைத்துக்கொண்டே சொல்வதைப் பார்த்திருக்கிறோம்.

விமானத்தைச் சுற்றிவரும்போது நடக்கும் சோதனைகள் நம் அடுக்களைக்கு அண்மையானவை. டாங்கியில் குச்சியை விட்டு அளக்கிறார்கள். முள்ளை மட்டும் நம்புவதில்லை. டாங்கியின் அடியிலுள்ள சிறு திருகிலிருந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். சிறு விமானங்களுக்கான பெட்ரோலில் பரவலாகப் பயன்படும் வகைக்கு நீலச் சாயம் ஊட்டியிருக்கும். நீர் கலந்திருந்தால் அது கனமானது ஆகையால் நிறமற்ற குமிழாக அடியில் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த விமானத்துக்கு இது மிகவும் தேவை. குவளை முழுவதும் நீராகவே இருந்துவிட்டால் கோடு தெரியாது. அதனால்தான் நீல நிறம் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பிறகு, டாங்கிக்குள் காற்றுப் போகும் சிறு குழாய். மில்க்மெய்டு டின்னில் ஒரே ஒரு துளை போட்டால் பால் ஒழுகாது, எதிரில் இன்னொன்று போட்டால்தான் ஒழுகும் என்பதை நம் இல்லத்தரசிகள் அறிவார்கள். அந்தக் காற்றுக்குழாயில் குளவி மண்கூடு கட்டிவிட்டால், டாங்கி நிறைய எரிபொருள் இருந்தும் வராது. எவ்வளவு பெரிய கலைக்கு எவ்வளவு சிறிய எதிரி!

1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபாலைச் சிறு விமானத்தில் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுசென்றார். அன்று அகமதாபாத்தில் எரிபொருள் டின்கள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தனவாம். அக்காலத்தில் பெட்ரோலை மெல்லிய தோலில் வடிகட்டி ஊற்றுவார்கள். தோல் பெட்ரோலை விடும், நீரைத் தடுக்கும். மைத்துனர் தம் பட்டறையில் துணி போட்ட புனல் வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டி, தாமும் டாட்டாவும் ஒரே சாதி என்று பெருமையடித்துக்கொண்டார்.

கடைசிச் சோதனை ஓடுபாதையில் ஓடும்போதே நடக்கிறது. முழு விசை கொடுத்தவுடன் விமானி ஒருமுறை பார்வையைத் தாழ்த்தி, எஞ்சினின் சுழற்சியும் எரிபொருளின் ஓட்டமும் அழுத்தமும் உரிய அளவில் உள்ளனவா என்று பார்க்கிறார். குறைந்தால் விசையை இழுத்து நிறுத்திவிடலாம். எதிரே இன்னும் பாதை மீதமிருக்கிறது. "அந்த நேரத்தில் நிறுத்துவதற்கு வெட்கப்படக்கூடாது என்று சொல்லித்தருகிறார்கள், அப்பா. எழும்புவதைவிட அதற்குத்தான் அதிகப் பயிற்சி" என்றாள் மகள்.

மூன்றாம் நாள் காலைத் திருப்பலிக்குப் பிறகு என் மனைவி மகளை அருகில் அழைத்து, லொரேட்டோ அன்னையின் சிறு பதக்கம் ஒன்றைக் கொடுத்தாள். 1920-இல் பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்ட் விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தது இந்த அன்னையைத்தான். விமானத்தில் தொங்கவிடச் சொன்னாள். விமானி அறையில் தொங்கும் பொருள்கள் கூடாது என்று மகள் தயங்கி, அட்டை வைக்கும் உறைக்குள் அதைத் தைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள். வழக்கில் எழுதப்பட்ட தீர்ப்பு என்று ஒன்றுமில்லை. ஆனால் பயணச்சீட்டு எடுக்கச் சொன்னவள் அவள்தான்.

மகள் போனபின் மைத்துனர் அட்டையின் படி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் படகுக்குப் பொருந்தும் மூன்று வரிகளை மட்டும் தமிழில் பெரிதாக எழுதிப் பட்டறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்: குழாயைத் தொட்டுத் திருப்பிப் பார்; அடித்தண்ணீரை வடித்துப் பார்; கரையிலேயே ஒரு நிமிடம் முறுக்கிப் பார். முதலில் வந்த படகுக்காரர் படித்துவிட்டுச் சிரித்தாராம். இருந்தாலும் கிளிஞ்சல்மேட்டுக்கு இரண்டு படிகள் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்.